விண்வெளி நடைக்கு ஏஆர் இடைமுகம் செய்ய நினைக்கும் மாணவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

கேட்டிருப்பவர் தஞ்சாவூரில் கடைசி வருடம் பொறியியல் படிப்பவர். விண்வெளி நடையின், அதாவது விண்கலத்துக்கு வெளியே போய்ச் செய்யும் வேலையின், ஒவ்வொரு படியையும் வீரரின் கண்முன் மிதக்கவிடும் ஏஆர் (ஆக்மென்டட் ரியாலிட்டி, நிஜக் காட்சியின் மேலேயே எழுத்தும் படமும் காட்டுவது) இடைமுகம்தான் புராஜெக்டாம், என்னென்ன காட்டலாம் என்கிறார். நான் கும்பகோணத்திலிருந்து தொழிற்சாலைப் பராமரிப்பு வேலைகளுக்கு இதே மாதிரி திரைகள் செய்துகொடுப்பவன். விண்வெளிக்காரன் இல்லை. ஆனாலும் தைரியமாகச் சொல்வேன்: எதையெல்லாம் காட்டக் கூடாது என்ற பட்டியலை முதலில் போடுங்கள்.

இன்றைக்கு அங்கே எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு நடை ஏறக்குறைய ஆறரை மணி நேரம். வீரரின் மணிக்கட்டில் ஒரு குட்டிச் செக்லிஸ்ட் புத்தகம். ஹூஸ்டனில் உள்ள நாசா கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒருவர் படிப்படியாக வாசிக்க, இவர் செய்து முடித்துத் திருப்பிச் சொல்கிறார். நெஞ்சிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியை ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குனிந்து பார்க்க முடியாது. அதனால் அதன் எழுத்துகளை இடவலம் மாற்றிக் கண்ணாடி பிம்பமாக அச்சிட்டு, மணிக்கட்டில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். சிரிப்பு வரலாம். பேட்டரி வேண்டாம், ஹேங் ஆகாது. பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. உங்கள் ஏஆர் இதைத்தான் ஜெயிக்க வேண்டும்.

சுவாமிமலை ஸ்தபதிகள் சிலைக்கு மெழுகு பிடிக்கும்போது தென்னை ஓலையை அளவுக்கு மடித்துப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். சந்தேகம் வந்தால் எடுத்து வைத்துப் பார்ப்பார்கள், மற்ற நேரம் அது கிடக்கும். திரையும் அந்த ஓலை மாதிரி கூப்பிட்டால் வர வேண்டும்.

அடுத்து வெளிச்சம். நிலையம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவதால், முக்கால் மணிக்கொருதரம் பகலும் இரவும் மாறும். ஹோலோலென்ஸ் போன்ற ஏஆர் கண்ணாடிகளால் வெளிச்சத்தைக் கூட்டத்தான் முடியும், கறுப்பைக் காட்ட முடியாது. லேபில் பளிச்சென்று தெரிந்த எழுத்து நம் ஊர் உச்சி வெயிலில் என்ன ஆகும் என்று பார்க்க, வலங்கைமான் பக்கம் சித்தப்பாவின் மோட்டார் கொட்டகைக்கு அப்படி ஒரு கண்ணாடியை எடுத்துப்போனேன். கைக்கு வெல்டிங் பட்டறைத் தோல் கையுறை. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் சரிபார்க்கும் வேலை, மெயினை அணைத்துவிட்டுத்தான். கொட்டகைக்குள் எல்லாம் ஜோர். வாசலுக்கு வந்ததும் மெல்லிய நீல எழுத்து மொத்தமும் காணோம். தடித்த வெள்ளை எழுத்து மட்டும் தம் கட்டியது. சித்தப்பாவுக்கு வேறு குறை. "ஏன்டா, நான் ஸ்க்ரூவப் பாக்குறப்பல்லாம் இது குறுக்க வந்து நிக்குது, தள்ளி நிக்கச் சொல்லு." அன்றைக்கே படி எழுத்தைப் பார்வையின் கீழ் ஓரத்துக்குத் தள்ளினேன்.

கையுறை இன்னொரு தலைவலி. வெளியே வெற்றிடம், விண்வெளி உடைக்குள் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 4.3 பவுண்டு (பிஎஸ்ஐ), விரலை மடக்குவதே ஊதிய பலூனை அமுக்குகிற வேலை. காற்றில் விரல் சொடுக்கும் சைகைகளை மறந்துவிடுங்கள். குரல் கட்டளை நல்லது, ஆனால் வீரர் ஹூஸ்டனோடு பேசுவதும் அதே மைக்கில்தான். பேச்சுவாக்கில் விழும் "அடுத்தது" என்ற சொல்லுக்கெல்லாம் பக்கம் புரளக் கூடாது.

எல்லா டெமோவிலும் ஒரு பச்சை அம்பு இருக்கும், இந்த போல்ட்டைக் கழற்று என்று. எனக்கு அந்த அம்பைக் கண்டால் பயம். இரண்டு விரற்கடை நகர்ந்தால் பக்கத்து போல்ட்டைக் காட்டும், அதையும் அதே நம்பிக்கையோடு காட்டும். நிலையத்தின் வெளிப்புறக் கைப்பிடிகளில் ஏற்கெனவே எண் எழுதியிருக்கிறது. அந்த எண்ணைத் திரையில் காட்டி, வீரரையே சரிபார்த்து வாயால் சொல்லவிடுங்கள்.

2013 ஜூலை 16 அன்று விண்வெளி நடையின்போது இத்தாலிய வீரர் லூகா பர்மிட்டானோவின் ஹெல்மெட்டுக்குள் தண்ணீர் கசிந்து கண்ணையும் மூக்கையும் மூடியது. வெளியே சூரியனும் மறைந்துவிட்டது. பாதுகாப்புக் கம்பி தன்னை லேசாக இழுப்பதை வைத்துத் திசை பிடித்துத்தான் வாசலுக்குத் திரும்பினார். அப்போது கண்முன் எவ்வளவு அழகான திரை இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஆகவே ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் காதுவழி ஒரு பாதை கட்டாயம் வேண்டும்.

நிலாவுக்குப் போனாலும் பேச்சு ஒன்றேகால் நொடியில் போய்விடும், ஹூஸ்டன் கூடவே இருக்கும். செவ்வாயில் ஒருவழிக்கே பல நிமிடம் ஆகும். வாசித்துச் சொல்ல ஆள் இல்லாத அங்கேதான் ஏஆருக்கு உண்மையான வேலை.

விண்வெளி உடைக்கு இடைமுகம் செய்யும் மாணவர்களுக்கான நாசாவின் சூட்ஸ் (SUITS) போட்டி இதே தலைப்புதான். அது அமெரிக்கக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு. ஆனாலும் அவர்கள் கேட்கும் வேலைகளைப் படித்துப் பாருங்கள். கண்ணாடி வாங்கக் காசில்லையென்றால் பரவாயில்லை. கல்லூரி ஜெனரேட்டர் ஆபரேட்டரிடம் அனுமதி கேட்டு, அவருடைய ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தாளை வைத்து, பிறகு ஒருவர் வாசிக்க, கடைசியாக போன் திரையை வைத்துச் செய்யச் சொல்லுங்கள். எந்தப் படியில் கை நிற்கிறது, எங்கே கண் வேலையை விட்டு விலகுகிறது என்று பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டு, அதற்கப்புறம் ஏஆர் செயலி உருவாக்கும் யூனிட்டி மென்பொருளைத் திறங்கள்.