கிராஃப்ட் ஜின்னின் சுவை உண்மையில் எப்படி இருக்கும்? அவ்வளவு விலை கொடுக்க அதில் என்ன இருக்கிறது?

குடிமகனாகப் பதில் சொல்வதைவிட ஏலக்காய்க்காரனாகச் சொன்னால்தான் எனக்குச் சரியாக வரும். கேரளத்தில் இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டுப் பக்கம் சின்னதாக ஒரு ஏலத்தோட்டம், கூடவே ஒரு ஸ்டோர். காய் உலர்த்தும் கூடத்துக்கு இங்கே தமிழரும் மலையாளிகளும் சொல்லும் பெயர் அதுதான். ஐந்து கிலோ பச்சைக்காய் உள்ளே போனால் ஒரு கிலோ காய்ந்த காய் வெளியே வரும். அந்த வாசத்திலேயே வளர்ந்தவன் நான்.

முதல் தடவை கிராஃப்ட் ஜின், அதாவது சின்ன ஆலைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சும் ஜின், பார்த்தது பெங்களூரில், மனைவியின் தம்பி வீட்டில். கோவாவில் காய்ச்சிய பாட்டில். "மச்சான், ஐஸ் போடுறதுக்கு முன்னாடி மோந்து பாருங்க" என்றான். புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் வியாபாரிகள் சாம்பிள் காயை நகத்தால் பிளந்து மூக்கருகே கொண்டுபோவார்களே, அப்படித்தான் கிளாஸைப் பிடித்தேன். முதலில் எலுமிச்சைத் தோல். அது விலகியதும் பைன் மர வாசம். கடைசியில், தொண்டைக்குள் இறங்கிய பிறகு, எங்கள் ஸ்டோரில் விடியற்காலை கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் வாசம். ஏலக்காய் இருக்கிறது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பைன் வாசம்தான் ஜின்னுக்கு உயிர். ஜூனிபர் என்ற செடியின் கருநீலக் காய் அது. வாகமண் பைன் காட்டில் மழை விட்டதும் ஓர் ஊசியிலையைக் கசக்கி மோந்து பாருங்கள், பாதி ஜின் புரிந்துவிடும். இரண்டிலும் இருப்பது பைனீன் என்ற ஒரே எண்ணெய்ப் பொருள். ஐரோப்பியச் சட்டப்படி ஜூனிபர் சுவை முன்னால் நிற்காவிட்டால் அதை ஜின் என்று விற்க முடியாது. சாராய அளவும் குறைந்தது 37.5 சதவீதம் இருக்க வேண்டும். நம் ஆயுர்வேதத்தில் ஜூனிபருக்கு ஹபுஷா என்று பெயர். ஹபுசா என்றே ஓர் இந்திய ஜின் இருக்கிறது. அதில் போடுவது இமயமலை ஜூனிபர்.

மற்றதெல்லாம் நாட்டு மருந்துக் கடைச் சீட்டு. சந்தேகமிருந்தால் பாம்பே சஃபையரில் போடும் பத்துச் சரக்கைப் பாருங்கள். ஜூனிபர் போக, கொத்தமல்லி விதை, அதிமதுரம், வால்மிளகு, பாதாம், எலுமிச்சைத் தோல், பட்டை வகையில் ஒன்று. ஏஞ்சலிகா வேர், ஓரிஸ் கிழங்கு, மிளகுபோல் காரமான ஆப்பிரிக்க விதை ஒன்று, இந்த மூன்றுதான் நமக்குப் புதுசு. பேரில் பம்பாய், காய்ச்சுவதோ இங்கிலாந்தில். வால்மிளகை நம்மூரில் தொண்டைக் கட்டுக்கு மெல்வார்கள். அவர்கள் அதைப் பாட்டிலில் அடைத்துவிட்டார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் சொந்த முட்டாள்தனத்திலிருந்தே பதில் சொல்கிறேன். ஊருக்கு வந்ததும், 'காய் நம்மகிட்ட இருக்கு, அப்புறம் எதுக்கு இந்த விலை' என்று தோன்றியது. பெவ்கோவில் (கேரள அரசு மதுக்கடை) சாதாரண ஜின் ஒரு பாட்டில் வாங்கி, 8 மி.மீ. ரகத்தில் பன்னிரண்டு காயைத் தட்டிப் போட்டு மூன்று நாள் ஊறவைத்தேன். பாட்டில் மஞ்சளாகிவிட்டது. மூடியைத் திறந்தால் நீலகிரித் தைலம்! வீட்டில் அவள் மோந்துவிட்டு, "நெஞ்சுச் சளிக்குத் தேய்க்கலாம்" என்றாள். தப்பு சொல்ல முடியாது. யூகலிப்டஸ் தைலத்தில் இருக்கும் அதே சினியோல்தான் ஏலக்காய் எண்ணெயிலும் பெரும்பங்கு. ஏலக்காய்க்கு இனிப்பு வாசம் கொடுப்பது டெர்பினைல் அசிடேட் என்ற இன்னொன்று. சும்மா ஊறவைத்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும், கூடவே தோலின் கசப்பும் நிறமும்.

காய்ச்சும்போது கதை வேறு. சரக்கைச் சாராயத்தில் ஊறவைத்துச் செப்புப் பானையில் வடிப்பார்கள், இல்லையென்றால் கூடையில் வைத்து ஆவியை அதன் வழியாக விடுவார்கள். எலுமிச்சை முதலில் வரும், ஜூனிபரும் கொத்தமல்லியும் நடுவில், வேர் வகைகள் கடைசியில். நெடி அடிக்கும் முதல் வடிப்பையும் கனத்துப்போன கடைசி வடிப்பையும் ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுப்பார்கள். நிறமும் கசப்பும் பானையிலேயே தங்கிவிடும். எங்கே வெட்டுவது என்று முடிவு செய்யும் மூக்குக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். மலிவு ஜின்னில் பல, எரிசாராயத்தில் எசென்ஸ் கலந்ததுதான். பாட்டிலின் அழகுக்கும் ஒரு விலை வைத்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம், அதை நான் மன்னிப்பதாக இல்லை.

எல்லா கிராஃப்ட் ஜின்னும் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். ஏலக்காய் ஒரு ரவுடிச் சரக்கு. ஒரு காய் கூடினால் பாயசமே வீணாகும், ஜின் எம்மாத்திரம்? வாயில் வைத்த உடனே "ஏலக்காய்!" என்று கத்தத் தோன்றினால் அந்த ஜின்னை நான் இரண்டாம் முறை வாங்க மாட்டேன். சரக்கு எங்கள் மலையிலிருந்தே போயிருந்தாலும் சரி.

குடித்துப் பார்ப்பதானால் முதலில் 30 மி.லி. ஊற்றி, அதே அளவு தண்ணீர் சேருங்கள். சில ஜின் லேசாகக் கலங்கும். கலப்படம் என்று பயப்பட வேண்டாம். சாராயத்தின் வீரியம் குறைந்ததும் அதில் கரைந்திருந்த எண்ணெய் வெளியே வருகிறது, பினாயில் தண்ணீரில் பால்போல ஆவதும் எண்ணெய் இப்படித் துளித்துளியாகச் சிதறுவதால்தான். இனிப்பு லெமன் சோடா ஊற்றிக் குடிப்பவர் என்றால் சாதாரண ஜின்னே போதும், காசை மிச்சம் பிடியுங்கள். ஜின்னில் ஊற்றும் டானிக் வாட்டரின் கசப்பு கொயினா, சின்கோனா மரப்பட்டையிலிருந்து வருவது. தேயிலைக்கு முன்னால் மூணாறு மலையில் சின்கோனா போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வால்பாறைப் பக்கம் சின்கோனா என்று ஊரே இருக்கிறது. அந்தக் கசப்பு சேர்ந்தால் ஏலக்காய் கொஞ்சம் அடங்கும்.

பெங்களூரிலிருந்து வந்த அந்தக் காலி பாட்டிலை ஒரு நாள் ஸ்டோருக்கு எடுத்துப்போனேன். ரகம் பிரித்துக்கொண்டிருந்த கம்பத்து அக்கா ஒருவர், இருபது வருஷமாகக் காயில் கை வைத்திருப்பவர், கார்க்கை மட்டும் வாங்கி மோந்தார். யோசித்து, இன்னொரு தடவை மோந்தார்.

"என்னப்பா இது, சாம்பிராணி போட்ட ரூம்ல பாயசம் கிண்டுன மாதிரி இருக்கு" என்று சொல்லி கார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி முறத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.