மகளை மிசோரமுக்கு அனுப்பலாமா?

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கும் என் மகளை ஐஸ்வாலுக்கு மாற்றியிருக்கிறார்கள். மலைக்காடு, தீவிரவாதம் நடந்த பூமி, பாஷையும் புரியாது. ஆட்களும் பார்க்கச் சீனாக்காரர்கள் மாதிரி இருக்கிறார்கள். பெண்பிள்ளையை அங்கே அனுப்பலாமா?
(ஒரு தகப்பனார், தேனி)

பதில்: தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அந்தச் 'சீனாக்காரர்கள் மாதிரி'யை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். அவர்கள் மிசோக்கள். அவர்கள் மொழியில் 'மி' என்றால் ஆள், 'ஸோ' என்றால் மலை. 2012 ஆகஸ்ட்டில், தங்களைத் தாக்கப்போகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பி, வடகிழக்குப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பெங்களூரிலிருந்து குவாஹாத்திக்கு ரயிலேறி ஓடினார்கள். சென்னையிலிருந்தும் போனார்கள். அவர்களைப் பெற்றவர்களும் அன்றைக்கு உங்களைப் போலத்தான் தவித்திருப்பார்கள்.

தீவிரவாதம் என்கிறீர்கள். அது எங்கே தொடங்கியது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மலைகளை மூடியிருக்கும் ஒருவகை மூங்கில் சுமார் 48 வருடங்களுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூக்கும். அதன் காய் நம் மூங்கிலரிசி மாதிரி பொடியாக இருக்காது, பேரிக்காய் அளவுக்குச் சதைப்பிடிப்பாக இருக்கும். அதைத் தின்று எலிகள் கணக்கில்லாமல் பெருகும். காய் தீர்ந்ததும் அத்தனையும் மலைச்சரிவு நெல்வயலில் இறங்கும். ராத்திரியோடு ராத்திரியாக ஒரு குடும்பத்தின் வருடச் சாப்பாடு போய்விடும். இதற்கு 'மௌதாம்' என்று பெயர்.

1959-இல் அது வரப்போகிறது என்று மிசோ பெரியவர்கள் முன்கூட்டியே சொன்னார்கள். 1911-இல் பட்டவர்கள், அவர்களுக்குத் தெரியும். அந்த மலைகள் அப்போது அஸ்ஸாமில் இருந்தன; அன்றைய அஸ்ஸாம் அரசு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டினி வந்தது. அரிசி சுமந்து கொடுக்கக் கிளம்பிய பஞ்ச நிவாரண அமைப்புதான் 1961-இல் லால்டெங்கா தலைமையில் மிசோ தேசிய முன்னணி ஆனது. 1966-இல் தனிநாடு கேட்டு ஆயுதம் தூக்கியதும் அதுதான். அந்த மார்ச்சில் ஐஸ்வால் மீது நம் விமானப்படையே குண்டு போட்டது. அப்புறம் கிராமம் கிராமமாக மக்களைப் பெயர்த்து, சாலையோர முகாம்களில் அடைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் நமக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. எனக்கு இன்றும் அது ஆறாத வருத்தம்.

1986 ஜூன் 30-இல் இந்திய அரசோடு அமைதி ஒப்பந்தம் ஆயிற்று. 1987 பிப்ரவரியில் மிசோரம் தனி மாநிலம். துப்பாக்கியைக் கீழே வைத்த லால்டெங்காவே முதலமைச்சர் ஆனார். அந்த ஒப்பந்தம் இன்றுவரை நிற்கிறது. உங்கள் மகள் போகப்போவது அந்த ஊருக்கு.

செலிங் பக்கம் நெடுஞ்சாலையில் போனால் சின்னச் சின்ன மூங்கில் குடிசைகளைப் பார்ப்பாள். உள்ளே கீரைக்கட்டு, பூசணி, பழம் எல்லாம் இருக்கும். விலை எழுதிய அட்டை தொங்கும். காசு போட ஒரு டப்பா. கடைக்காரர் மட்டும் இருக்கமாட்டார், வயலுக்குப் போயிருப்பார். வேண்டியதை எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டு, மீதிச் சில்லறையையும் அதே டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

தெருவில் ஒரு சாவு என்றால், 1935-இல் தொடங்கிய இளம் மிசோ சங்கத்துப் பிள்ளைகள் வந்து குழி வெட்டுவார்கள், ராத்திரி முழுக்க அந்த வீட்டில் உட்கார்ந்து பாடுவார்கள். அடுத்தவருக்காகத் தன் சௌகரியத்தை விட்டுக்கொடுக்கும் இந்தக் குணத்துக்கு அவர்கள் மொழியில் 'த்லோம்ங்கைனா' என்று தனிச்சொல்லே உண்டு. படிப்பா? 2011 கணக்கில் அங்கே எழுத்தறிவு 91 சதவீதம், தமிழ்நாட்டில் 80.

சரி, மகளிடம் சொல்ல வேண்டியவை. மூன்று வேளையும் சோறு கிடைக்கும் ஊர், அந்தக் கவலை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சர்ச்சுக்குப் போய்விடுவார்கள், கடை திறக்காது. சனிக்கிழமையே காய் வாங்கி வைக்கட்டும். வீடுகள் சரிவில் தொங்கும். சாலையிலிருந்து மேல்மாடிக்குள் நுழைந்து படியிறங்கிப் போக வேண்டியிருக்கும். வண்டி ஓட்டினால் ஹாரனைத் தொடக்கூடாது, அங்கே எவ்வளவு நெரிசலிலும் வரிசையில் பேசாமல் நிற்பார்கள். 'நன்றி'க்கு 'கா லோம் ஏ' என்று பழகிக்கொள்ளட்டும். நீங்கள் பார்க்கப் போவதென்றால் இன்னர் லைன் பர்மிட் (வெளி மாநிலத்தார் உள்ளே நுழைய வேண்டிய அனுமதிச் சீட்டு) வாங்கவேண்டும், அதற்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.