சில தமிழ் ஃபைல்கள் மட்டும் எடிட்டரில் ஏன் குழம்பித் தெரிகின்றன?

கேள்வி: ஒரே ஃபோல்டரில் நிறைய தமிழ் டெக்ஸ்ட் ஃபைல்கள் வைத்திருக்கிறேன். பெரும்பாலானவை ஒழுங்காகத் திறக்கின்றன. சில மட்டும், தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகளும் விநோதக் குறிகளுமாக வருகின்றன. ஃபைல் கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் கெட்டிருக்காது. ஆனால் அந்தக் கோலத்தில் இருக்கும்போது மட்டும் சேவ் கொடுத்துவிடாதீர்கள். எதையும் தொடாமல் மூடி, ஒரு நகல் எடுத்து, நகலில் கை வையுங்கள்.

டெக்ஸ்ட் ஃபைலுக்குள் இருப்பது வெறும் எண்கள், ஒவ்வொன்றும் ஒரு பைட். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை ஃபைல் சொல்லாது. எடிட்டர்தான் ஊகிக்க வேண்டும். 'அம்மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என 5 குறிகள். அவற்றை ஃபைலில் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15 பைட். எடிட்டர் இதைப் பழைய ஆன்சி முறை என்று நினைத்துவிட்டால், பைட்டுக்கு ஓர் எழுத்தாகப் பிரித்துக் காட்டும். தமிழின் மும்மூன்று பைட்டும் ஒரே எண்ணில்தான் தொடங்கும். அதனால்தான் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ' திரை முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. அதைப் பார்த்தால் நிம்மதியாக இருங்கள், உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது.

சரி, சில ஃபைல்களுக்கு மட்டும் ஏன் இப்படி? சிலவற்றின் தொடக்கத்தில் 'பாம்' என்கிற 3 பைட் அடையாளம் இருக்கும். எடிட்டருக்குக் குழப்பமே வராது. அது இல்லாதபோது உள்ளடக்கத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. அங்கே யூடிஎஃப்-8-க்குப் பொருந்தாத ஒரே ஒரு பைட் இருந்தாலும், விம் போன்ற எடிட்டர்கள் முழு ஃபைலையுமே வேறு முறையில் படித்துவிடும். பழைய ஃபைலிலிருந்து ஒரு பகுதியை அப்படியே இதோடு ஒட்டியிருந்தால் இப்படி நடக்கும்.

சரிசெய்யும்போது பலர் சறுக்குவது ஓரிடத்தில்தான். 'வேறு முறையில் படி' என்பதும் 'வேறு முறைக்கு மாற்று' என்பதும் ஒன்றல்ல. இந்த முறைக்குத்தான் என்கோடிங் என்று பெயர். நோட்பேட்++ எடிட்டரின் என்கோடிங் மெனுவில் 'யூடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'கன்வர்ட் டு யூடிஎஃப்-8' வேண்டாம். அது குப்பையையே தமிழின் இடத்தில் நிலையாக எழுதிவிடும். விஎஸ் கோடில் கீழ் வலது மூலையில் என்கோடிங் பெயரைச் சொடுக்கி, 'ரீஓப்பன் வித் என்கோடிங்' கொடுங்கள். விண்டோஸ் நோட்பேடில், ஃபைலைத் திறக்கும் பெட்டியிலேயே என்கோடிங் தேர்வு இருக்கிறது.

சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால் இன்னும் கவனம் தேவை. எடிட்டரால் படிக்க முடியாத பைட்டுகளின் இடத்தில் வருவது அது. அப்படியே சேவ் செய்தால் மூல பைட் போய்விடும், மீட்க வழியில்லை.

அப்புறம், கோடு எதுவும் இல்லாத சாதாரண ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் விஷயமே வேறு. 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று வரிசையாக இருந்தால், அது ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அதற்கு என்கோடிங்கை எப்படி மாற்றினாலும் பலன் இருக்காது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் எழுத்துரு மாற்றியில் போட்டு எடுங்கள்.