ஜாமீன் உத்தரவு கையில், ஆள் இன்னும் உள்ளே
வாசகர் கேள்வி – பதில்

கைதிகளின் வீட்டார் எழுதிக் கேட்டவற்றுக்கு, சிறைவாசிகளுக்கான சட்ட உதவிப் பணியில் இருப்பவர்கள் பதில் தருகிறார்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

தம்பிக்கு ஜாமீன் கிடைத்து 12 நாளாகிறது. இரண்டு பேர் தலா 10,000 ரூபாய்க்கு ஜாமீன் நிற்க வேண்டும், ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்பது உத்தரவு. 20,000 ரூபாய் புரட்ட எங்களால் முடியவில்லை. கோர்ட் வாசலில் ஒருவர் 8,000 கொடுத்தால் ஆள் பிடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
– விழுப்புரம்

கொடுக்காதீர்கள். அந்த 20,000 ரூபாயையும் நீங்கள் கட்டவேண்டியதில்லை. 'தலா 10,000 ரூபாய்க்கு ஜாமீன்' என்றால், தம்பி வாய்தாவுக்கு வராமல் ஓடிப்போனால் அந்தத் தொகைக்கு நாங்கள் பொறுப்பு என்று ஜாமீன்தாரர்கள் எழுதிக்கொடுக்கிறார்கள். அவ்வளவுதான். உத்தரவில் 'ரொக்கமாகச் செலுத்த வேண்டும்' என்று தனியாக எழுதியிருந்தால் மட்டுமே பணம். இது தெரியாமல் கந்துவட்டிக்கு வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்கு வருகிற குடும்பங்கள் நிறைய.

ஜாமீன் கொடுத்தது செஷன்ஸ் கோர்ட்டோ உயர் நீதிமன்றமோ, பெரும்பாலும் வழக்கு இருக்கிற மாஜிஸ்திரேட் கோர்ட்டில்தான் ஜாமீன்தாரர்களை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். இருவரும் நேரில் வரவேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் அளவு புகைப்படம், வங்கிப் பாஸ்புக் நகல், வீட்டு வரி ரசீது அல்லது பட்டா நகல், இவற்றின் அசலும் கையில் இருக்கட்டும். ஜாமீன் பத்திரத்தில் புகைப்படம் ஒட்டி இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கச் சொல்வது நம் நீதிமன்றங்களில் வழக்கம். ரத்த உறவு என்றால் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள். நீங்களே நிற்கலாம். மனைவி ரத்த உறவில் வரமாட்டார் என்று சில இடங்களில் திருப்பி அனுப்புகிறார்கள். அவரை இரண்டாவது ஆளாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நிற்பவர் பிடித்துத் தருகிற ஆள் பத்து வழக்குகளில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவராக இருப்பார். எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறேன் என்று ஜாமீன்தாரர் கோர்ட்டில் எழுதித்தர வேண்டும் என்பது சட்டம். பொய் வெளிப்பட்டால் ஜாமீனே போகும், புது வழக்கும் சேரும்.

ஆளே கிடைக்கவில்லையா? 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்களைப் பயன்படுத்துங்கள். ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். செயலாளர் சட்டத் தன்னார்வலரையோ வழக்கறிஞரையோ அனுப்பி என்ன தடை என்று பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்பதை நீதிமன்றம் தானாகவே எடுத்துப் பார்க்கலாம். உள்ளூர்க்காரர்தான் ஜாமீன் நிற்க வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. வேறு மாவட்டத்து ஜாமீன்தாரரை ஒதுக்கியது தவறு என்று 1978-லேயே ஒரு கொத்தனாரின் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிவிட்டார். நாற்பத்தைந்து வருடம் கழித்து அதையே மறுபடி சொல்லவேண்டி வந்திருக்கிறது.

உங்கள் கணக்கில் 12 நாள் ஆகிவிட்டது. சிறை தகவல் அனுப்பியிருக்கும் என்று காத்திருக்காமல், ஜாமீன் உத்தரவின் நகலோடு நீங்களே ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். அது மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தரவேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் ஒன்றும் 2023-ல் வந்தது. விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை என்று அப்போது வகுத்தார்கள். கலெக்டர் தரப்பு, போலீஸ், சட்டப் பணிகள் செயலாளர், சிறைக் கண்காணிப்பாளர், ஒரு நீதிபதி அடங்கிய மாவட்டக் குழு முடிவெடுக்கும். போதைப்பொருள், ஊழல், உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்), சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்ட வழக்குகளுக்குக் கிடையாது. இந்தத் திட்டம் பணத்தைத் தருகிறது. பெரும்பாலான ஏழைகளுக்கு இல்லாமல் இருப்பது கையெழுத்துப் போட வருகிற மனிதர். ஆகவே 'ஜாமீன்தாரருக்குப் பதிலாக ரொக்கம் கட்ட அனுமதிக்க வேண்டும்' என்று கோர்ட்டில் ஒரு மனுவையும் சேர்த்துப் போட்டால்தான் இந்தப் பணம் வேலைக்கு ஆகும்.

ஜாமீன்தாரர்களைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் ஜெயிலில் 'பேப்பர் சரியில்லை' என்று திருப்பிவிட்டார்கள். இப்படியும் நடக்குமா?
– சேலம்

அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் மூன்று காரணங்கள். அப்பா பெயரோ இனிஷியலோ ரிமாண்ட் வாரண்டில் ஒரு மாதிரி, விடுதலை ஆணையில் வேறு மாதிரி இருக்கும். அல்லது போலீஸ் நடுவில் சட்டப்பிரிவை மாற்றியிருப்பார்கள், ஜாமீன் உத்தரவில் பழைய பிரிவே இருக்கும். இல்லையென்றால் இன்னொரு வழக்கில் பி.டி. வாரண்ட், அதாவது சிறையில் இருப்பவரை அந்த வழக்கின் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லும் ஆணை, வந்து கிடக்கும். முதல் இரண்டுக்கும் அதே கோர்ட்டில் திருத்த மனு போட்டால் போதும். மூன்றாவது என்றால் அந்த வழக்குக்கும் தனியாக ஜாமீன் வாங்கவேண்டும். பல வழக்குகள் இருந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள் கிடைக்கவில்லை என்றால், அதே ஜாமீன்தாரர்களை எல்லா வழக்குக்கும் ஏற்கும்படி கேட்கலாம். 13 வழக்குகள் கொண்ட ஒருவருக்கு 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அப்படி அனுமதித்தது.

எழுத்துப் பிழையைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பதை அற்பம் என்று விடவேண்டாம். காசியாபாத் சிறையில் ஒரு உட்பிரிவு எண் உத்தரவில் விடுபட்டதால் ஒருவரை நான்கு வாரம் வெளியே விடாமல் வைத்திருந்ததற்கு, 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

இன்னொன்று: விடுதலை ஆணை, மாலையில் கைதிகளை அறையில் பூட்டும் லாக்கப் நேரத்துக்கு முன் சிறைக்குப் போய்ச் சேரவேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஜாமீன்தாரரை நிறுத்தினால் சனி, ஞாயிறு வீணாகலாம். காலையிலேயே நிறுத்துங்கள்.

கணவரை ரிமாண்ட் செய்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. '60 நாள் ஆனால் தானாக வந்துவிடுவார்' என்கிறார்கள். உண்மையா?
– திண்டுக்கல்

'தானாக' என்பது மட்டும் தவறு. குறித்த நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால் ஜாமீன் கேட்கும் உரிமை வருகிறது. கேட்டால்தான் கிடைக்கும். மரண தண்டனை, ஆயுள், அல்லது 10 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் என்றால் 90 நாள். மற்றவற்றுக்கு 60. கஞ்சா வழக்கில் வணிக அளவு, அதாவது 20 கிலோவுக்கு மேல் என்றால் 180 நாள்.

எண்ணுவதில்தான் கோட்டை விடுகிறார்கள். கைதான நாளிலிருந்து எண்ணக் கூடாது. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்த நாளே முதல் நாள். மார்ச் 1-ல் கைது, 2-ல் ரிமாண்ட் என்றால் ஏப்ரல் 30-ஆம் தேதி 60-வது நாள். அன்று வரை குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் மே 1-லிருந்து உரிமை. மனுவை முன்னாலேயே தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு, அந்த நாளில் கோர்ட் திறந்ததும் போடுங்கள். மனு போட்ட பிறகு போலீஸ் அவசரமாகக் குற்றப்பத்திரிகையைக் கொண்டுவந்து நீட்டினாலும் உரிமை போகாது. சென்னையிலிருந்து போன போதைப்பொருள் வழக்கு ஒன்றில் 2020-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மனு போடுவதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். ஒரு நாள் தாமதம் என்பது இங்கே பல மாதச் சிறை.

இந்த வகை ஜாமீனுக்கு 'இவ்வளவு லட்சம் டெபாசிட் கட்டு' என்று நிபந்தனை போடக் கூடாது. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 8 லட்சம் கட்டச் சொன்னதை அதே 2020-ல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஜாமீன்தாரர்கள் மட்டும் வேண்டும்.

அண்ணன் மேல் ஒரே ஒரு திருட்டு வழக்கு. இதற்கு முன் எந்தத் தண்டனையும் இல்லை. ஜாமீன் எடுக்க நாதியில்லாமல் ஒரு வருடமாக உள்ளே இருக்கிறான்.
– இராமநாதபுரம்

2022 தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராதவர்கள். உங்கள் அண்ணனைப் போன்றவர்களுக்காகவே, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 479-வது பிரிவு இருக்கிறது. முன்பு தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் ஜாமீனில் விடவேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. மரணம், ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது.

சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. ஒரு வருடத்தில் வரம்பு வந்துவிடும். வீட்டுக்குள் புகுந்து திருடியதாக வழக்கு என்றால் 7 ஆண்டு; அப்போது 2 வருடம் 4 மாதம் ஆகவேண்டும். எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள். 2024 ஜூலைக்கு முன் பதிவான பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று அந்த ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மனு போடவேண்டிய பொறுப்பைச் சட்டம் சிறைக் கண்காணிப்பாளர் மேலேயே வைத்திருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் அதே பிரிவில் ஒரு ஓட்டையும் வைத்தார்கள்: ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை. சிறு திருட்டில் பிடிபட்டவர் மேல் பழைய வழக்கு இரண்டைச் சேர்த்துவிடுவது எங்கும் நடப்பதால், உதவி அதிகம் தேவைப்படுகிறவருக்கே இந்தச் சலுகை கிடைக்காமல் போகிறது. உங்கள் அண்ணனுக்கு வழக்கு ஒன்றே; அதில் ஒரே குற்றம்தான் என்றால் தடையில்லை. கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம், நகல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு. ரிமாண்ட் தேதி, குற்ற எண், பிரிவு, வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண் நான்கும் அதில் இருக்கட்டும். அந்த எண்ணை வைத்து 'இ-கோர்ட்ஸ்' செயலியில் அடுத்த வாய்தாவையும் நீங்களே பார்க்கலாம்.

முதல் தடவையாக மனு பார்க்க, அதாவது சிறையில் இருப்பவரைச் சந்திக்கப் போகிறேன். என்ன கொண்டுபோகவேண்டும்?
– கரூர்

ஆதார் அசலும் நகலும், உள்ளே இருப்பவரின் முழுப்பெயர், அப்பா பெயர், எந்த நிலையத்து வழக்கு என்ற விவரம். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பணத்தைக் கையில் கொடுக்க முடியாது; அவர் கணக்கில் கட்டினால் கேன்டீனில் வாங்கிக்கொள்வார். வழக்கறிஞர் வந்து சந்திப்பது உங்களுக்கான சந்திப்புக் கணக்கில் கழியாது.

மாத்திரைதான் பெரிய சிக்கல். சர்க்கரை, வலிப்பு, மனநல மருந்து சாப்பிடுகிறவர் என்றால் மருந்துப் பட்டையைக் கொண்டுபோய் வாசலில் மன்றாடிப் பயனில்லை. டாக்டர் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு கண்காணிப்பாளருக்கு மனு கொடுத்து, சிறை மருத்துவர் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். அதே காகிதங்களை அடுத்த வாய்தாவில் மாஜிஸ்திரேட்டிடமும் கொடுத்தால் சிறைக்கு உத்தரவு போகும். வலிப்பு மருந்து இரண்டு நாள் நின்றாலே ஆபத்து என்பதால் இதை முதல் சந்திப்பிலேயே செய்துவிடுங்கள்.

பிளாக் ஒதுக்கும்போது சாதி கேட்கிறார்கள் என்று மகன் சொல்கிறான்.
– திருநெல்வேலி

கேட்கக் கூடாது. சாதி பார்த்து வேலையோ அறையோ பிரிப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று 2024 அக்டோபர் 3-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவேட்டில் சாதிக் கலத்தையே நீக்கச் சொன்னது. மோதலைத் தவிர்க்கத்தான் பிரிக்கிறோம் என்ற வாதத்தைப் பாளையங்கோட்டைச் சிறை பற்றிய பழைய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றிருந்தது. அதையும் இந்தத் தீர்ப்பு ஒத்துக்கொள்ளவில்லை. மகன் பெயரைப் போடாமலேயே மாவட்ட சட்டப் பணிகள் செயலாளருக்கு எழுதலாம். சிறைக்குள் போய்ப் பார்வையிடும் கடமையைத் தீர்ப்பு அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது.

தங்கை கல்யாணத்துக்குத் தம்பியைப் பரோலில் அழைத்துவர முடியுமா? வழக்கு இன்னும் நடக்கிறது.
– தஞ்சாவூர்

விசாரணைக் கைதிக்குப் பரோல் கிடையாது. கோர்ட்டில் இடைக்கால ஜாமீன் கேளுங்கள். பத்திரிகை, மண்டப ரசீது இரண்டையும் மனுவோடு இணையுங்கள். தண்டனைக் கைதி என்றால்தான் 1982-ஆம் ஆண்டு தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி சிறைக் கண்காணிப்பாளரிடம் அவசர விடுப்பு மனு. உடன்பிறந்தவர் திருமணம் அதற்கு ஏற்ற காரணம். ஆனால் நன்னடத்தை அலுவலரும் போலீசும் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை தரவேண்டும். அந்த இரண்டு அறிக்கையும்தான் வழக்கமாகத் தாமதமாகும். பத்திரிகை அச்சடித்த அன்றே மனுவைப் போட்டுவிட்டு, வாரம் ஒரு முறை நன்னடத்தை அலுவலரைப் போய்ப் பார்த்துக்கொண்டிருங்கள்.