வடக்கு பார்த்த வீடு

ஐயா, வணக்கம்.

நான் கோவைக்காரன். பதினோரு வருடமாகத் துபாயில் இருக்கிறோம். எனக்கு ஐடி வேலை, மனைவி நர்ஸ். அவருக்கு நியூசிலாந்து நர்ஸிங் கவுன்சில் பதிவு கிடைத்து, ஆக்லாந்திலும் கிறைஸ்ட்சர்ச்சிலும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெயில் வேண்டுமென்றால் நெல்சன் போங்கள் என்கிறார் ஒரு நண்பர். வெல்லிங்டன் பக்கமே போய்விடாதீர்கள் என்கிறார் இன்னொருவர். துபாய் வெயிலில் வெந்துவிட்டோம். அதற்காகக் கனடா மாதிரி பனியில் உறையவும் தெம்பில்லை. அம்மாவுக்கு வீசிங் உண்டு. விசிட்டர் விசாவில் சில மாதங்கள் எங்களோடு வைத்துக்கொள்ள ஆசை. எல்லா ஊரின் சராசரி வெப்பநிலையையும் மழையையும் எக்செலில் போட்டுப் பார்த்தேன். ஆக்லாந்துதான் முதலில் வருகிறது. சரிதானா?

(பெயரைப் போட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் எக்செல் சரிதான். ஆனால் அதிலுள்ள எண்கள் எல்லாமே வீட்டுக்கு வெளியே அளந்தவை. நீங்கள் தூங்கப்போவது உள்ளே.

2007 ஜூலையில் ஆக்லாந்து வந்தபோது நானும் இப்படி ஒரு கணக்கோடுதான் வந்தேன். குளிர்காலத்தில் பகல் 15 டிகிரி, இரவு 7, 8. ஊட்டி மாதிரிதானே, ஒரு ஸ்வெட்டர் போதும் என்று நினைத்தேன். தெருவில் நடக்க ஸ்வெட்டர் போதுமாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் வந்தால்தான் பல் கிட்டியது.

மரப்பலகைச் சுவர். கட்டைக்கால்கள் மேல் நிற்கும் தரை, அதன் அடியில் காற்று புகுந்து புறப்படும் இடைவெளி. ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி. 1978 வரை இங்கே புது வீட்டுக்கு இன்சுலேஷன், அதாவது குளிரைத் தடுக்கும் உள்ளடைப்பு, வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது; எங்களுடையது அறுபதுகளில் கட்டியது. காலையில் படுக்கையறையில் 11 டிகிரி காட்டும். இரவெல்லாம் நாங்கள் விட்ட மூச்சு ஜன்னலின் உட்புறம் தண்ணீராக வழிந்து சட்டத்தில் தேங்கியிருக்கும். துண்டால் ஒற்றிப் பிழிந்தால் அரை டம்ளர் வரும். ஆகஸ்டில் ஒரு விசேஷத்துக்குக் கிளம்பும்போது மனைவி அலமாரியைத் திறந்தார். முகூர்த்தப் பட்டின் மடிப்பு நெடுக வெள்ளையாகப் பூசணம். அலமாரியை நகர்த்தினால் பின்சுவர் கறுப்பு.

வாடகைக்குக் காட்டிய ஏஜென்ட்டைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார். குளிரில் நடுங்குகிறவனிடம் ஜன்னலைத் திற என்கிறாரே என்று அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அதில் பாதி நியாயம் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. செலவு குறையும் என்று நான் சிலிண்டர் வைத்த கேஸ் ஹீட்டர் வாங்கியிருந்தேன். கேஸ் எரிந்தால் நீராவி வரும். புகைபோக்கி இல்லாத ஹீட்டர் அத்தனையையும் அறைக்குள்ளேயே விடும். சூடாக்குகிறேன் பேர்வழி என்று வீட்டை நானே நனைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் திசை. அந்த வீடு ஒரு குன்றின் தெற்குச் சரிவில் இருந்தது. பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கம் சூரியன் வடக்கு வானத்தில் போகிறது. ஜூலையில் தாழ்ந்தே போகிறது. வடக்கில் பெரிய ஜன்னல் உள்ள வீட்டில் குளிர்காலத்து வெயில் ஹால் நடுவரை வந்து உட்காரும். எங்கள் வீட்டுக்கு மே முதல் ஆகஸ்ட் வரை அது எட்டிக்கூடப் பார்க்காது. கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாகவே இருக்கும். கிழக்கு பார்த்த வாசல் தேடி அலையும் நம்மவர்களை இங்கேயும் பார்க்கிறேன். வாஸ்து இருக்கட்டும், முதலில் திசைகாட்டியைத் திறந்து வடக்கு எது என்று பாருங்கள்.

நான் வந்த காலத்துக்கு இப்போது சட்டம் எவ்வளவோ மேல். 2019-இல் வாடகை வீடுகளுக்குத் தரவிதிகள் கொண்டுவந்தார்கள். 2025 ஜூலை 1-க்குள் எல்லா வாடகை வீடுகளும் அதற்கு உட்பட வேண்டும் என்று கெடு வைத்திருந்தார்கள். ஹாலை 18 டிகிரிக்குக் கொண்டுவரக்கூடிய ஹீட்டர், கூரையிலும் தரைக்கடியிலும் இன்சுலேஷன், சமையலறையிலும் குளியலறையிலும் ஈரக்காற்றை வெளியே தள்ளும் விசிறி எல்லாம் இருக்க வேண்டும். ஆனால் படுக்கையறைக்கு ஹீட்டர் கட்டாயமில்லை. இரட்டைக் கண்ணாடியும் கட்டாயமில்லை. உங்கள் அம்மா படுப்பது படுக்கையறையில். ஆஸ்துமா அதிகமுள்ள நாடுகளில் நியூசிலாந்தும் ஒன்று. ஈர வீடும் அதற்கு ஒரு காரணம் என்று இங்குள்ள டாக்டர்களே சொல்கிறார்கள்.

சரி, ஊர்களுக்கு வருகிறேன்.

கோவைக்காரரான உங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மலைகளுக்கு நடுவே சந்து கிடைத்தால் காற்று என்ன செய்யும் என்று தெரியும். வெல்லிங்டன் குக் நீரிணையின் கரையில் இருக்கிறது. அந்தச் சந்து பாலக்காட்டுக் கணவாயின் பெரியப்பா. அங்கே குடை வாங்குவது வீண்செலவு. ஆனாலும் போய்விடாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அங்கே நியூலாண்ட்ஸ் பகுதியில் குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. தே பாபா அருங்காட்சியகத்தில், பழைய தமிழ் எழுத்துப் பொறித்த ஒரு கப்பல் மணியின் உடைந்த பகுதி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் கண்டபோது, மாவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்து வைத்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். குடியேறாவிட்டாலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

நெல்சனில் வருடத்துக்கு 2,400 மணி நேரத்துக்கு மேல் வெயில். அதில் பொய்யில்லை. ஆனால் சின்ன ஊர், உங்கள் துறையில் வேலை சொற்பம். சம்பளத்தில் ஒரு பகுதியை வெயிலாகத் தருகிறார்கள் என்று அந்த ஊர்க்காரர்களே கிண்டலடிப்பார்கள். ஓய்வுபெற்ற பிறகு யோசிக்கலாம்.

மிச்சம் இரண்டு. ஆக்லாந்தில் கடும் குளிர் கிடையாது, கடும் வெயிலும் கிடையாது. கோடையிலேயே 24, 25 டிகிரிதான். உங்கள் வேலைக்கும் அதுதான் தோதான ஊர். ஆனால் வருடம் முழுக்க மழையும் ஈரக்காற்றும். ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, அதுவும் பன்னிரண்டு மாதமும் சிந்திச் சிதறி. 2023 ஜனவரி 27 அன்று ஒரே நாளில் 200 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி நான்கு பேர் இறந்தார்கள். எந்த வீட்டைப் பார்த்தாலும் நகரசபையின் வெள்ள வரைபடத்தில் அந்த முகவரியைப் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கிறைஸ்ட்சர்ச் உங்களுக்கு ஏற்கனவே பழக்கமான ஊர் என்பேன். கோவை மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பது போல அது தெற்கு ஆல்ப்ஸின் மழைமறைவில் இருக்கிறது. மழையளவும் கோவை மாதிரியே, 600 மில்லிமீட்டரை ஒட்டி. காற்று உலர்ந்தது. 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்தார்கள், ஊரின் நடுப்பகுதியே சரிந்தது. அதற்குப் பிறகு எழுந்த வீடுகளில் இரட்டைக் கண்ணாடியும் நல்ல இன்சுலேஷனும் இருக்கின்றன. குளிர்காலக் காலைகளில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். காரின் முன்கண்ணாடி உறைந்து கிடக்கும். சுடுதண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், கண்ணாடி விரியும். ஆனால் வெளியே மைனஸ் இரண்டும் உள்ளே இருபதுமாக இருப்பது, வெளியே எட்டும் உள்ளே பதினொன்றுமாக இருப்பதைவிட எத்தனையோ தேவலாம்.

அம்மாவின் வீசிங்கை வைத்துச் சொல்வதென்றால் என் ஓட்டு கிறைஸ்ட்சர்ச்சுக்கு, புது வீடாக இருந்தால். பழைய வீடுதான் கிடைக்கிறது என்றால் ஆக்லாந்தில் வடக்கு பார்த்த ஒன்றைத் தேடுங்கள். அம்மாவை முதல் தடவை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் கூப்பிடுங்கள். கிறைஸ்ட்சர்ச்சில் அக்டோபர், நவம்பரில் புல் மகரந்தம் பறக்கும். மலையிலிருந்து இறங்கும் நார்வெஸ்டர் என்ற வறண்ட சூட்டுக்காற்று அதை வாரிக்கொண்டு வரும். குளிர்காலத்தில் சில தெருக்களில் விறகு அடுப்புப் புகை நிற்கும். அவருடைய டாக்டரிடமும் இதைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

நீங்கள் மட்டும் டிசம்பரில் வராமல் ஜூனில் வாருங்கள். கோடையில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். ஒரு குளிர்காலம் கழியும்வரை வாங்குகிற பேச்சே வேண்டாம். வாடகைக்குப் பார்க்கப் போகும்போது காலையில் போங்கள். ஜன்னல் சட்டத்தில் விரலை ஓட்டுங்கள், அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பாருங்கள். நான் இப்போதும் அப்படித்தான் செய்கிறேன். வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

புது வீட்டில் ஒரு இழப்பு உண்டு. பழைய வீடுகளில் வெந்நீர் சிலிண்டர் இருக்கும் சின்ன அலமாரியை ஹாட் வாட்டர் கப்போர்டு என்பார்கள். அந்தக் குளிர் வீட்டில் எங்களுக்கு இட்லி மாவு பொங்கிய ஒரே இடம் அதுதான். இப்போதிருக்கும் வீட்டில் வெந்நீர் குழாயிலேயே சூடாகி வருகிறது, சிலிண்டரும் இல்லை, அலமாரியும் இல்லை. ஓவனில் விளக்கை மட்டும் போட்டு மாவை உள்ளே வைக்கிறோம். ஜூலையில் பதினாறு மணி நேரம் பிடிக்கிறது.