கொடுத்து மகிழ்வதும் சுயநலம்தானா?

கேள்வி: பிறருக்கு உதவும்போது நமக்கு மகிழ்ச்சி கிடைக்கிறது. அப்படியானால் அதுவும் சுயநலம்தானே?

ஒரு வகையில் ஆமாம். ஆனால் அதைக் குற்றமாகப் பார்க்க நான் தயாரில்லை.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரனை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் வீடு வீடாகப் பிச்சை எடுத்து, பார்வையற்றவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் சாப்பிடுகிறான். சிந்தாதேவி என்ற தெய்வம் அவனுக்கு அள்ள அள்ளக் உணவு குறையாத பாத்திரத்தைத் தருகிறாள். வரம் தர வந்த இந்திரனைச் சிரித்தே அனுப்பிவிடுகிறான். கோபித்த இந்திரன் சாபம் விடவில்லை. 12 ஆண்டுகள் வறண்டு கிடந்த பாண்டிநாட்டில் மழையைக் கொட்டவைத்தான்! பசி போனது, பாத்திரத்துக்கு வேலையும் போனது. ஆபுத்திரன் பசித்தவர்களைத் தேடி அலைகிறான். ஊர் செழித்ததற்கு ஒருவன் தவிக்கலாமா? எனக்கு இன்னும் உறுத்துகிற இடம் இது.

புறநானூறு 189இல் நக்கீரர் உணர்ச்சிவசப்படுவதே இல்லை. உலகாளும் அரசனுக்கும், தூக்கமில்லாமல் வேட்டைக்கு அலைபவனுக்கும் உண்பது ஒரு நாழி (தானியம் அளக்கும் பழைய அளவு), உடுப்பது இரண்டு துணி. எல்லாம் நானே அனுபவிப்பேன் என்றால் தவறிப்போவதுதான் அதிகம் என்கிறார். அறிவுரை என்பதைவிட இது கணக்கு. மதுரைக் கணக்காயனார் மகனாயிற்றே! (கணக்காயர் என்றால் வாத்தியார்தான், சும்மா சொன்னேன்.)

சித்திரைத் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தல்களைப் பாருங்கள். கொடுப்பவர் படம் பந்தலைவிடப் பெரிதாக இருக்கும். அழகரைப் பார்க்க வெயிலில் நடந்து வந்தவர் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இன்னொரு டம்ளர் கேட்கிறார்.