கறுப்பி ஏன் செம்பட்டையானாள்?

கேள்வி: எங்கள் பூனை கறுப்பிக்கு மூன்று வயது. மை மாதிரி இருந்தவள், ஏழெட்டு மாதமாக முதுகும் விலாவும் செம்பட்டை பாய்ந்து நிற்கிறாள். கண் பட்டுவிட்டது என்று மாமியார் சுற்றிப் போட்டார். நான் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், பலனில்லை. நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறோம், தினமும் பால் சோறு, சில நாள் தயிர் சோறு. போன வருஷம் குடிவந்த இந்த வீட்டில் அசைவம் கூடாது என்பது ஓனர் கண்டிஷன். எங்களுக்குப் பிரச்சினை இல்லை, ஞாயிற்றுக்கிழமை வெளியே சாப்பிட்டுக்கொள்கிறோம். இரண்டாவது மாடி என்பதால் பூனையை வெளியே விடுவதில்லை. மகள் தினமும் அழுகிறாள். இது வியாதியா, வயசா?
– வாசகி, சென்னை

பதில்: பூனை நிறம் மாறிவிட்டது என்று எனக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன. பெரும்பாலும் விடையும் கடிதத்திலேயே இருக்கும். ‘ஞாயிற்றுக்கிழமை வெளியே சாப்பிட்டுக்கொள்கிறோம்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். கறுப்பி எங்கே போய்ச் சாப்பிடுவாள், சகோதரி?

பழைய வீட்டில் எலியோ பல்லியோ மீன் தலையோ அவளுக்குக் கிடைத்திருக்கும். இப்போது அந்த வழியும் அடைபட்டுவிட்டது. காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டுச் சாப்பிடுகிற ஊர் நம் ஊர். வீட்டுக்குள் பூட்டி வைத்த உயிரை மறந்துவிட்டு ஹோட்டலில் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிடுவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நாய் சோறு தின்று காலத்தை ஓட்டும். பூனையால் முடியாது, அது பிறவி மாமிச உண்ணி. கறுப்பு மயிரின் சாயமான மெலனினை உடம்பு டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்கிறது. மீன், கோழி போன்ற புரதம் நிறைந்த தீனியில் அது தாராளமாகக் கிடைக்கும். தண்ணீர் கலந்த பாலும் சோறும் அதற்குக் காணாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 2001இல் இதைப் பற்றி எழுதினார்கள். டைரோசின் குறைந்த தீனி தின்ற கறுப்புப் பூனைகள் செம்பழுப்பாகிவிட்டன. உடம்பு வளரத் தேவைப்படுவதைவிட மயிர் கறுப்பாக இருக்க இந்தச் சத்து கூடுதலாக வேண்டும். அதனால்தான் பூனை ஓடியாடிக்கொண்டிருக்கும்போதே நிறம் முதலில் போகிறது. புரதமில்லாத சாப்பாட்டில் வளரும் குழந்தைகளுக்கும் தலை செம்பட்டையாவதை நாம் பார்த்ததில்லையா?

வெயிலிலும் கறுப்பு வெளுக்கும்தான். முதுகு மயிரை விரலால் பிரித்து வேரைப் பாருங்கள். வேர் கறுப்பாகவும் நுனி மட்டும் செம்பட்டையாகவும் இருந்தால் ஜன்னல் வெயில் காரணமாக இருக்கலாம். வேரிலேயே பழுப்பு என்றால் முளைக்கும் மயிரிலேயே சாயம் இல்லை. மூன்று வயதில் நரைக்காது. அந்தச் சமாதானம் வேண்டாம்.

மயிர்கூடப் போகட்டும். எனக்குப் பயம் மீனிலும் கறியிலும் இருக்கும் டாரின் என்ற சத்தைப் பற்றித்தான். பூனை உடம்பு அதைப் போதிய அளவு தானே செய்துகொள்ளாது. அரிசியில் அது இல்லை, பசும்பாலில் மிகச் சொற்பம். டாரின் குறைந்தால் விழித்திரை கெடும். அப்படிப் போன பார்வை திரும்பாது. இதயத் தசையும் தளரும் என்று 1987இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இந்த வாரமே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவரிடமோ தூக்கிக்கொண்டு போங்கள். என்ன போட்டு வளர்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கண்ணையும் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு கெட்டாலும் மயிர் மங்கும் என்பதால் ரத்தமும் பார்க்கட்டும். பூனைக்கென்றே விற்கும் முழுச் சத்துத் தீனியைப் பால் சோற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரத்தில் முழுவதும் மாற்றிவிடுங்கள். நாய்த் தீனி ஆகாது. எண்ணெய் தடவுவதை விடுங்கள், அவள் அதை நக்கித்தான் தீர்ப்பாள்.

வீடு பேசும்போது எத்தனை பேர் என்று ஓனர் கேட்டிருப்பார். கறுப்பியைச் சொன்னீர்களா? இல்லையென்றால் இப்போது போய்ச் சொல்லுங்கள். பாக்கெட் தீனிக்கு அடுப்பு வேண்டாம், வீட்டில் கவிச்சி சமைப்பதும் இல்லை. பெரும்பாலான ஓனர்கள் ஒத்துக்கொள்வார்கள். அதற்கும் முடியாது என்றால் வேறு வீடு பாருங்கள். வளர்க்கிறேன் என்று கூட்டி வந்த பிறகு, வசதிப்படாது என்று சொல்ல உங்களுக்கு உரிமையில்லை.

மகளிடம் கண் பட்ட கதை வேண்டாம். சரியான சாப்பாடு போடாமல் விட்டோம், இனி போடுவோம் என்று சொல்லுங்கள். கிண்ணத்தில் தீனி வைக்கும் வேலையை அவளிடமே கொடுங்கள். பழைய மயிர் உதிர்ந்து புது மயிர் வரச் சில மாதங்கள் ஆகும் என்பதையும் சொல்லி வையுங்கள்.